கையொப்பம் இடுமுன்!



தொழிலாளியை வேலையைவிட்டு அனுப்ப விரும்பும் நிர்வாகம், இப்போதெல்லாம் கதவை அடைத்து வெளியே தள்ளுவதில்லை. உள்ளே அழைக்கிறது. நாற்காலி தருகிறது. தேநீரும் தருகிறது. பிறகு ஒரு தாளையும் ஒரு பேனாவையும் தருகிறது. அந்தத் தாளுக்குப் பெயர், உடன்பாட்டு ஒப்பந்தம்! "மனக்கசப்பு எதற்கு? இந்தத் தொகையைப் பெற்றுக்கொள், இங்கே கையெழுத்துப் போடு, இன்றைக்கே முடித்துவிடலாம்" என்று கனிவோடு கூறப்படுகிறது.

அந்த அறையிலே இருப்பவர் யார் யார் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மேலாளர் இருக்கிறார். மனிதவள அதிகாரி இருக்கிறார். அந்தத் தாளை எழுதித் தந்த வழக்கறிஞரும் இருக்கிறார். அவர் கண்ணுக்குத் தெரியமாட்டார், ஆனால் வரிக்கு வரி அவரேதான் இருக்கிறார்! எதிரே நம் தோழர், தன்னந்தனியாக. வீட்டு வாடகை ஒருபுறம் நினைவுக்கு வருகிறது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் மறுபுறம் நினைவுக்கு வருகிறது. கை பேனாவை எடுக்கிறது.

இருவர் சமநிலையில் அமர்ந்து, இன்னது தருகிறேன், இன்னது பெறுகிறேன் என்று பேசி முடிப்பதுதான் உடன்பாடு. ஒருவர் எழுத, மற்றவர் படிக்காமலே அடியில் பெயர் பொறித்தால், அதற்கு உடன்பாடு என்று பெயரல்ல. சரணாகதி என்று பெயர்.

ஆகவே இன்று நான் உங்களிடம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே ஒன்று. உங்கள் பக்கத்தில் நிற்கும் வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்காத ஒப்பந்தத்தில் கையொப்பம் இடாதீர்கள்! அத்தகைய வழக்கறிஞரைக் கண்டுபிடிப்பது எப்படி, அவரிடம் கேட்க வேண்டியது என்ன, தோழர்களாகிய நாம் அதிலே செய்ய வேண்டியது என்ன என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பழைய பாடம்

ஒப்பந்தத்தின் ஒரு நிபந்தனை எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதற்கு நம் சென்னையிலேயே சான்று உண்டு. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. பி. பி. வாடியா தலைமை ஏற்றார்; திரு.வி.க. துணை நின்றார். பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம் ஆலையில் 1920இல் தகராறு மூண்டபோது, நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. வேலை ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளரைத் தூண்டினார்கள் என்று சங்கத் தலைவர்கள்மீது வழக்கு! தடையுத்தரவும் கிடைத்தது. கடைசியில் வழக்கு முடிந்தது எதனால்? உடன்பாட்டினால். அந்த உடன்பாட்டின் விலை என்ன? வாடியா, தொழிற்சங்கத் தொடர்பையே விட்டு விலக வேண்டும் என்பதுதான்!

அன்று சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. அந்த வழக்கு எழுப்பிய கொந்தளிப்பும் சேர்ந்தே, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. இன்று சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் இருப்பது வேறு, கையொப்பம் இடும் நேரத்தில் அந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்ல ஆள் இருப்பது வேறு.

2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2022இல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையும் நிறுத்தியது. இரண்டு இடங்களிலும் ஆயிரக்கணக்கானோர் தொகை பெற்று வெளியேறினர். ஃபோர்டு தொழிலாளர், தருவதாகச் சொன்ன இழப்பீடு போதாது என்று, மூடப்போகும் ஆலையிலேயே வேலைநிறுத்தம் செய்து பேசினர். கூட்டமாய் நின்றவர்கள் பேச முடிந்தது. ஒற்றையாய் அழைக்கப்படும் தோழருக்குப் பேசப்போவது யார்?

கணக்கு பேசட்டும்

வழக்கறிஞர் எதற்கு, வீண் செலவுதானே என்று சிலர் கேட்கிறார்கள். வாதம் வேண்டாம், கணக்கைப் பார்ப்போம்.

ஒரு தோழர் 12 ஆண்டுகள் உழைத்தார். அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 26,000 ரூபாய். வேறு படிகள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். "ஆட்குறைப்புச் செய்கிறோம். மனிதாபிமானத்தோடு மூன்றரை லட்சம் தருகிறோம். கணக்குத் தீர்ந்தது என்று எழுதிக்கொடு" என்கிறது நிர்வாகம். மூன்றரை லட்சம்! கேட்டதும் மனம் குளிர்கிறது அல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது? பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம். மாத ஊதியத்தை 26 நாளால் வகுத்துக் கணக்கிட வேண்டும். இந்தத் தோழருக்கு ஆண்டுக்கு 15,000; 12 ஆண்டுக்கு 1,80,000. ஆட்குறைப்பு இழப்பீடு, ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியம். அரைமாதம் என்று கொண்டால் 13,000. 12 ஆண்டுக்கு 1,56,000. ஒரு மாத முன்னறிவிப்பு தராவிட்டால் அதற்கு ஈடாக 26,000. மொத்தம் 3,62,000 ரூபாய்.

மனிதாபிமானம் தந்த தொகை, சட்டம் தரச்சொன்ன தொகையைவிட 12,000 குறைவு! விடுப்புக்கு ஈடான பணம், போனஸ், நிலுவை ஊதியம் ஆகியவை இந்தக் கணக்கிலே சேரவில்லை என்பதையும் மறவாதீர். நமக்கு உரியதை நமக்கே கொடையாகக் கொடுத்து, நன்றிக் கடிதத்தில் கையொப்பமும் வாங்கிக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தத் தாளில் "ஆட்குறைப்பு" என்ற சொல் இராது. "என் சொந்த விருப்பத்தின்பேரில் ராஜினாமா செய்கிறேன்" என்றுதான் இருக்கும். ஏன்? தானே விலகுவது சட்டப்படி ஆட்குறைப்பு ஆகாது. ஆட்குறைப்பு இல்லையென்றால் அதற்குரிய இழப்பீடு இல்லை. முன்னறிவிப்பு ஊதியமும் இல்லை. ராஜினாமா என்ற ஒரே சொல், அந்தத் தோழரின் சட்ட உரிமையில் 1,82,000 ரூபாயை விழுங்கிவிடுகிறது! ஒரு சொல்லைப் படித்துச் சொல்ல ஒரு வழக்கறிஞர் வேண்டுமா என்று இனியும் கேட்பீர்களா?

யார் நம் வழக்கறிஞர்?

கறுப்பு அங்கி அணிந்தவர் எல்லாரும் இதற்கு ஏற்றவர் அல்லர். நிலத்தகராறில் வல்லவர் இருப்பார். கொலை வழக்கில் வல்லவர் இருப்பார். தொழிலாளர் சட்டம் தனித்துறை. அதிலும் இது மாறிவரும் காலம். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தில், 2020இல் நிறைவேறிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 21-11-2025 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. வேலை போனது அந்த நாளுக்கு முன்னா, பின்னா என்று முதலிலேயே கேட்கிற வழக்கறிஞர், துறை அறிந்தவர். கேட்காதவரிடம் நீங்கள் கேளுங்கள்.

இத்தகையவரை எங்கே தேடுவது? விளம்பரத்தில் தேடாதீர். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வழக்குத் தேடக்கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. வழக்கு நடத்தி வென்றவரையும் தோற்றவரையும் தேடிச் சென்று விசாரியுங்கள்; தோற்றவர்தான், தம் வழக்கறிஞர் இறுதிவரை உடன் நின்றாரா என்பதைச் சரியாகச் சொல்வார். பக்கத்து ஆலையின் சங்கச் செயலாளரைக் கேளுங்கள். தொழிலாளர் வழக்குகள் நடக்கும் மன்றத்துக்கு ஒரு காலை நேரம் சென்று பின்வரிசையில் அமருங்கள். தொழிலாளிக்காக எழுந்து நிற்பவர் யார், கட்டைப் பிரித்துப் படித்து வந்தவர் யார், வாய்தா மட்டுமே வாங்குபவர் யார் என்பது ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும்.

நேரில் கண்டதும் கேட்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது: "இந்த நிறுவனத்துக்காக, அல்லது அதன் குழுமத்துக்காக நீங்கள் ஆஜரானதுண்டா?" உண்டென்றால், வணக்கம் கூறி வெளியே வாருங்கள். "வழக்கறிஞரை நாங்களே அமர்த்தித் தருகிறோம்" என்று நிர்வாகம் சொன்னாலும் இதே வணக்கம்தான்!

இரண்டாவது: "சட்டப்படி நான் தொழிலாளியா?" பதவியின் பெயர் எதுவாயினும் ஆகுக, செய்யும் வேலைதான் அளவுகோல். மேற்பார்வை வேலை செய்து குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஊதியம் பெறுபவர் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வரமாட்டார். பழைய சட்டத்தில் அந்தத் தொகை 10,000; புதியதில் 18,000. நிர்வாகப் பணியில் இருப்பவரும் வரமாட்டார். வரையறைக்கு வெளியே இருப்பவருக்கு வழி வேறு, மன்றம் வேறு.

மூன்றாவது: "கையொப்பம் இடாமல் வழக்காடினால் என்ன கிடைக்கும், எத்தனை காலம் ஆகும்?" நல்லவர் உறுதிமொழி தரமாட்டார், நல்லதையும் கெட்டதையும் எடைபோட்டுக் காட்டுவார். "வேலை நிச்சயம் திரும்பக் கிடைக்கும்" என்று முதல் நாளே சொல்பவரை நம்பாதீர். காலவரம்பையும் அவர் சொல்ல வேண்டும். பணிநீக்கத் தகராறை எழுப்பப் பழைய சட்டத்தில் 3 ஆண்டு இருந்தது. புதிய தொகுப்பு அதை 2 ஆண்டாகக் குறைத்துவிட்டது.

நான்காவது: "கட்டணம் எவ்வளவு?" கூச்சப்படாமல் கேளுங்கள், எழுத்தில் பெறுங்கள். "கிடைப்பதில் கால் பங்கு எனக்கு" என்று பேரம் பேசுவதற்கு வழக்கறிஞருக்கு உரிமை இல்லை. பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. கட்டணம் தர வழியே இல்லையா? கவலை வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமையை அளிக்கிறது. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடி மக்களுக்கும் அதே பிரிவில் அந்த உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். அதைச் சலுகை என்று எண்ணிக் குனிந்து நிற்காதீர்; உரிமை என்று நிமிர்ந்து கேளுங்கள்!

நீங்கள் கேட்பதுபோலவே அவரும் உங்களைக் கேட்க வேண்டும். நியமன ஆணை, ஊதியச் சீட்டு, வைப்புநிதிக் கணக்கு, வந்திருந்தால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை ஆகியவற்றைக் கேளாமலே, "போட்டுவிடு கையெழுத்தை" என்பவரும், "போடாதே, வழக்குப் போடலாம்" என்பவரும் நமக்கு ஆகார்.

வரிக்கு வரி

வழக்கறிஞர் அந்தத் தாளில் பார்க்க வேண்டியவற்றையும் நீங்கள் அறிந்திருத்தல் நலம்.

தொகை ஒரே எண்ணாக இருக்கக்கூடாது. பணிக்கொடை இவ்வளவு, இழப்பீடு இவ்வளவு, விடுப்புப் பணம் இவ்வளவு என்று பிரித்து எழுதப்பட வேண்டும். எந்த நாளில், எந்த வழியில் தரப்படும் என்பதும் இருக்க வேண்டும். "பெற்றுக்கொண்டேன்" என்ற சொல், பணம் வந்த பிறகுதான் வர வேண்டும். "தருவோம்" என்பவரிடம் "பெற்றேன்" என்று எழுதிக்கொடுத்துவிட்டு அலைந்து திரிபவர்கள் எத்தனை பேர்!

"இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்ற வரி நிச்சயம் இருக்கும். எல்லாவற்றையும் அந்த வரியால் பறித்துவிட முடியாது. பணிக்கொடைக்கு எதிரான ஒப்பந்தத்தைவிடச் சட்டமே மேலோங்கும். வைப்புநிதி உங்கள் பணம். ஆனால் பறிக்க முடியாததையும் பறித்துவிட்டதாக எண்ணவைக்கத்தான் அந்த வரி எழுதப்படுகிறது.

"இதே தொழில் செய்யும் வேறு நிறுவனத்தில் சேரமாட்டேன்" என்ற வரியும் இருக்கலாம். வேலையைவிட்டு வந்தபின் ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி செல்லாது. செல்லாத வரியை எதற்காகச் சேர்க்கிறார்கள்? அச்சுறுத்தத்தான்! அடித்துவிடச் சொல்வது வழக்கறிஞரின் வேலை.

நடந்துவரும் விசாரணை கைவிடப்படுமா? அனுபவச் சான்றிதழில் என்ன எழுதப்படும்? பணம் தராவிட்டால் வட்டி உண்டா? இவற்றுக்கும் தாளிலேயே விடை இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தால், தமிழில் முழுவதும் எடுத்துச் சொல்லப்பட வேண்டும். ஒரு படி உங்கள் கையில் இருந்தாக வேண்டும்.

கடைசியாக, ஒப்பந்தம் எங்கே கையெழுத்தாகிறது என்பதும் முக்கியம். 18(1) ஒப்பந்தம், 12(3) ஒப்பந்தம் என்று நம் தோழர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். பழைய சட்டப் பிரிவுகளின் எண்கள் அவை. முன்னது இரு தரப்பும் தனியே செய்துகொள்வது, கையொப்பமிட்டவரையே கட்டுப்படுத்தும். பின்னது அரசின் சமரச அதிகாரி முன்னிலையில் ஏற்படுவது; ஆலையின் தொழிலாளர் அனைவரையும், பின்னால் வருவோரையும்கூடக் கட்டுப்படுத்தும். எண்கள் மாறினாலும் இந்த வேறுபாடு புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. முறையான ஒப்பந்தப்படி தர வேண்டிய பணத்தை நிர்வாகம் தராவிட்டால், நிலவரிப் பாக்கியைப்போல வசூலிக்கவும் வழி உண்டு. மூடிய அறையில் எழுதிய தாளைவிட, அதிகாரி முன் எழுதிய தாளுக்கு வலிமை அதிகம்.

வழக்கறிஞர் வர இயலாத இடம்

அந்த அதிகாரி முன்பு வழக்கறிஞர் வரலாமா? இங்கேதான் தோழர்களாகிய உங்கள் பங்கு தொடங்குகிறது. சமரசப் பேச்சில் எந்தத் தரப்புக்காகவும் வழக்கறிஞர் வந்து வாதாட இயலாது. பழைய சட்டத்தின் 36ஆம் பிரிவு அப்படி விதித்தது. புதிய தொகுப்பும் அதையே தொடர்கிறது. பணக்கார நிர்வாகம் பெரிய வழக்கறிஞர்களைக் கொண்டுவந்து ஏழைத் தொழிலாளியை மிரட்டக்கூடாது என்ற நல்ல நோக்கம்தான் அது. ஆயினும், நிர்வாகத்தின் அதிகாரியாக அமர்பவர் சட்டம் படித்தவராக இருப்பதை அது தடுக்கவில்லையே! அவர்கள் பக்கம் சட்டம் தெரிந்தவர் உட்காரும்போது, நம் பக்கம் உட்காரப்போவது யார்?

சங்க நிர்வாகி உட்காரலாம். தொழிலாளி எந்தச் சங்கத்திலும் சேராதவர் என்றால், அந்தத் தொழிலைச் சேர்ந்த சங்கத்தின் நிர்வாகியோ சக தொழிலாளியோ அவருக்காகப் பேசலாம். ஆகவே வழக்கறிஞர் முன்னதாகத் தாளைப் படித்துத் திருத்தித் தர, நம் தோழர் அந்தத் திருத்தத்தை மேசையில் வைத்துப் பேச வேண்டும். இருவரில் ஒருவர் குறைந்தாலும் வேலை நடவாது.

வெளிநாடு காட்டும் வழி

பிரிட்டனில் 1996ஆம் ஆண்டின் வேலை உரிமைகள் சட்டம் 203ஆம் பிரிவு ஒரு முறையை வகுத்திருக்கிறது. தொழிலாளி தம் சட்ட உரிமைகளைக் கைவிடும் உடன்பாட்டு ஒப்பந்தம் அங்கே செல்லுபடியாக வேண்டுமானால், அவர் நிர்வாகத்தைச் சாராத ஆலோசகர் ஒருவரிடம் அறிவுரை பெற்றிருக்க வேண்டும். அந்த ஆலோசகர் யார் என்பது ஒப்பந்தத்திலேயே குறிக்கப்பட வேண்டும். அவருடைய அறிவுரை பிழையானால் இழப்பை ஈடுசெய்யக் காப்பீடும் இருக்க வேண்டும். வழக்கறிஞர் மட்டுமல்ல, தகுதிச் சான்று பெற்ற தொழிற்சங்க நிர்வாகியும் ஆலோசகர் ஆகலாம். எண்ணிப் பார்க்கக் குறைந்தது 10 நாள் தரவேண்டும் என்று அங்குள்ள நெறிமுறை கூறுகிறது. ஆலோசகரின் கட்டணத்தை நிர்வாகமே தருவதும் அங்கே பரவலான வழக்கம்.

இங்கே? அறிவுரை பெற்றானா என்று எவரும் கேட்பதில்லை. 10 நாள் அல்ல, 10 நிமிடம் தருவதற்கே மனம் வருவதில்லை! அழுத்தத்தால் பெற்ற கையொப்பத்தைப் பிறகு எதிர்த்து வழக்காடலாம் என்பது உண்மையே. 1986இல் மத்திய உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழக வழக்கில், பேரம் பேசும் வலிமை சமமாக இல்லாதவரிடம் திணிக்கப்பட்ட நியாயமற்ற நிபந்தனை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெருமைக்குரிய தீர்ப்பு! ஆனால் அந்தப் பாதை நெடும்பாதை. இட்ட கையொப்பத்தை அழிக்க ஆண்டுகள் ஆகும். இடாமல் இருக்க ஒரு நொடி போதும்.

நாம் செய்ய வேண்டியது

நிர்வாகம் சார்பற்ற ஆலோசகரின் அறிவுரை இன்றி எழுதப்படும் விலகல் ஒப்பந்தம் செல்லாது என்று இங்கும் சட்டம் வரவேண்டும். அந்தக் கோரிக்கையை மேடைதோறும் எழுப்புவோம். ஆனால் சட்டம் வரும்வரை நாளை அழைக்கப்படும் தோழர் காத்திருக்க முடியுமா?

ஒவ்வொரு கிளையிலும் தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞர்கள் இருவர் மூவரின் முகவரியை எழுதி வையுங்கள். கணக்குப் போடத் தெரிந்த ஒரு தோழரைப் பழக்குங்கள். இலவச சட்ட உதவி மனுவை நிரப்பக் கற்றுக்கொள்ளுங்கள். மிரட்டலுக்கு ஆளாகிக் கையொப்பமிட்டுவிட்ட தோழர் வந்தால், ஏசாதீர். நடந்தது என்ன என்பதை அன்றே எழுதச் செய்து, விரைவு அஞ்சலில் நிர்வாகத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் அனுப்பச் செய்யுங்கள். பிறகு வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நாளை உங்களிடம் தாள் நீட்டப்பட்டால் மறுப்பும் வேண்டாம், கோபமும் வேண்டாம். "படித்துப் பார்த்து, என் வழக்கறிஞரைக் கலந்து சொல்கிறேன், ஒரு படி தாருங்கள்" என்று சொல்லுங்கள். நேர்மையான ஒப்பந்தமானால் நாலு நாள் காத்திருக்கும். காத்திருக்க மறுக்கும் ஒப்பந்தத்தில் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

பன்னிரண்டு ஆண்டு உழைப்பை இரண்டு நிமிடத்தில் எழுதிக்கொடுக்க எந்தத் தோழரும் தனியே விடப்படக்கூடாது. அவர் பக்கத்தில் அறிந்தவர் ஒருவரை அமரச் செய்வோம். அது நம் கடமை.